ஷூவுக்கு நேர்ந்த தீங்கு

என் மாமனார் சட்டத்தை மதிப்பவர். வண்டியே வராத ரோட்டில்கூட சிவப்பு விளக்குக்கு நிற்பார், அதுவும் நடந்து போகும்போது. அப்படிப்பட்டவர் பெற்ற ஒரே பையன், அதாவது என் மச்சினன், ஒரு பொடியைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவர் டாக்டரம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "என் பையன் கஞ்சா கிஞ்சா எதையும் தொடமாட்டான் டாக்டர். இது கடையில பில் போட்டு வாங்கினது."

"கஞ்சான்னா எனக்கு வைத்தியம் தெரியும் ஐயா," என்றார் டாக்டரம்மா. "இதுல என்ன இருக்குன்னே தெரியல. ரெண்டு ஊசி இருக்கு. சரியானதைப் போட்டா இதயம் அடங்கும். தப்பானதைப் போட்டா நின்னுடும். உள்ள என்ன இருக்குன்னு சாயங்காலத்துக்குள்ள யாராவது கேட்டுட்டு வாங்க."

என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் இருக்கமாட்டேன். போங்க, ஓடுங்க."

மிச்சப் பாக்கெட் என் கையில் இருந்தது. 'காலணி வாசனைப் பொடி. மனிதர்கள் உட்கொள்வதற்கு அல்ல.' ஊரில் ஷூவே போடாத பசங்கள் எல்லாம் போதைக்காக இதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இது இல்லாவிட்டால் மதிப்பில்லையாம்.

நான் போன இடம் பொருள் பாதுகாப்புத் துறை. அதிகாரி நல்ல மனிதர். பாக்கெட்டைப் பார்த்ததுமே முகம் மலர்ந்தார்.

"இதைச் சோதிச்சாச்சே சார். முழுப் பாதுகாப்பு."

"யார் மேல சோதிச்சீங்க?"

"ஷூ மேல. தோல், துணி, ரப்பர், மூணுலயும் பாத்தோம். ஒரு பக்கவிளைவும் இல்ல."

"மனுஷன் தின்னா?"

"தின்னக் கூடாதுன்னு போட்டிருக்கே. தின்னக் கூடாததைத் தின்னா என்ன ஆகும்னு நாங்க சோதிக்க சட்டத்துல இடமில்ல."

"ஊரே தின்னுது சார்."

"அப்படி எதுவும் துறையின் கவனத்துக்கு வரல."

"இப்ப நான் கொண்டுவந்திருக்கேனே."

அவர் பொறுமையாக விளக்கினார். "இதே கம்பெனியோட பழைய பொடியைத் தடை பண்ணினோம். உடனே சேர்மானத்துல ஒரு துளி மாத்திட்டாங்க. பழசு கெடுதல்னு ஆதாரம் இருந்துது, புதுசுக்கு இல்ல. ஆதாரம் இல்லாம அரசாங்கம் எப்படி நடவடிக்கை எடுக்கும்? ஆமா, உங்க மச்சினன் இப்ப எப்படி இருக்கார்?"

"மூச்சு இருக்கு."

"அடடா," என்றார். அது அனுதாபமா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "அப்ப ஆதாரமாகாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஒருத்தன் உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான், இவர் ஆதாரம் பேசுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "எப்பதான் சார் இதுல என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாப்பீங்க?"

"பயனாளிக்குப் பாதிப்புன்னா அந்த நிமிஷமே."

"பயனாளி யாரு?"

"ஷூ."

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். வேலைக்கு ஷூ கட்டாயம், பையில் ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே போய் வலது ஷூவைக் கழற்றிக் குத்திக் கிழித்தேன். கொஞ்சம் பொடியைத் தூவி, திரும்பி வந்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

"இந்தப் பொடியைப் போட்டேன் சார். ஷூவை அரிச்சுடுச்சு."

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதை முதல்லயே சொல்ல வேண்டாமா?"

மணி அடித்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். அதுவரை எனக்கு உட்கார இடம் தராதவர்கள், ஷூவுக்கு வெள்ளைத் துணி விரித்த தட்டு கொண்டுவந்தார்கள். பொடி மேல்மாடி ஆய்வகத்துக்குப் போனது. அதிகாரி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உள்ளே இருப்பது இன்னது என்று முடிவு வந்துவிட்டது.

ஒரு கால் வெறுங்காலாக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா படித்துவிட்டுக் கையில் எடுத்திருந்த ஊசியைக் கீழே வைத்தார். "இதைப் போட்டிருந்தா போயிருப்பான்," என்று சொல்லி மற்றதைப் போட்டார். மச்சினன் பிழைத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் அரசாணை வந்தது. 'மேற்படி பொடி காலணிகளுக்கு ஊறு விளைவிப்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டமையால், காலணிகளின் நலன் கருதித் தடை செய்யப்படுகிறது.' கம்பெனி ஒரு துளியை மாற்றி, ஜன்னல் கண்ணாடி துடைக்கும் பொடியாக அதைக் கொண்டுவந்தது. ஷூவையே அரித்த சரக்கின் தம்பி என்று பேர் பரவி, அதை வாங்கக் கடை வாசலில் அடிதடி.

என் தந்திரத்தை டாக்டரம்மா மற்ற குடும்பங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். வேறு வழி? பிள்ளையை வார்டில் படுக்க வைத்துவிட்டு, அப்பாக்களும் அம்மாக்களும் உடைந்த கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு துறை வாசலில் நின்றார்கள். துறையும் சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு கண்ணாடிக்கும் உடனுக்குடன் சோதனை செய்தது, தடை போட்டது. ஒவ்வொரு தடைக்கும் ஒரு துளி மாறியது.

வருஷக் கடைசியில் துறையின் அறிக்கை பேப்பரில் வந்தது. தேறி வீட்டுக்கு வந்திருந்த மச்சினன் அதைச் சத்தமாகப் படித்தான்.

"'இவ்வாண்டு கண்ணாடிகள் குறித்து ஏராளமான புகார்கள் பெறப்பட்டன. மனிதர்கள் பாதிக்கப்பட்டதாக ஒரு புகார்கூட வரவில்லை. ஆகவே பொதுமக்கள் அச்சங்கொள்ளத் தேவையில்லை.' கேட்டீங்களாப்பா? கவர்ன்மென்ட்டே சொல்லுது."

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் மாமனார்.

மச்சினன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினான். நான் எழுந்து போய், வீட்டில் எந்த ஜன்னலை உடைத்தால் செலவு குறைவு என்று பார்க்க ஆரம்பித்தேன்.