புறக்டர் லண்டனுக்குப் புறப்பட்டார்

கோட்டில் வழக்குப் பேசும் மண்டூர் புறக்டர் வினாயகமூர்த்தி ஒருநாள் காலை தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது டொக்டராவது என்று முடிவெடுத்தார். ஊசி போடுகிற டொக்டர் அல்ல. சட்டத்தில் கலாநிதி.

இங்கிலாந்தில் ஒரு சர்வகலாசாலை, சாப்பாடு, தங்குமிடம், கைச்செலவு எல்லாம் தந்து மூன்று வருசம் சட்ட ஆராய்ச்சி செய்ய ஆள் தேடுவதாகப் பேப்பரில் போட்டிருந்தது. புறக்டரைக் கவர்ந்தது சட்டம் அல்ல, தூரம். அவருடைய மனைவி கண்ணகை மண்டூர்த் துறையில் நின்று குரல் கொடுத்தால், வாவிக்கு அந்தப் பக்கம் குருமண்வெளியில் தோணிக்காரன் "வாறன்" என்பான். புறக்டர் உலகப்படத்தை விரித்து விரலால் அளந்து பார்த்தார். லண்டனுக்குக் கேட்காது.

உடனே விண்ணப்பம் எழுதினார். ஆராய்ச்சிப் பொருள்: வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைகளுக்கே சேரும் மட்டக்களப்பின் பழைய வழமை. அதற்குள் ஒரு தந்திரமும் வைத்தார். 'இந்த வழமை இங்கே செத்து அடக்கமாகிவிட்டது. பழைய பத்திரங்கள் எல்லாம் லண்டனில் இருக்கின்றன. ஆகையால் அடியேன் அங்கே இருந்தால்தான் ஆராய்ச்சி நடக்கும்.'

தபாலில் சேர்த்துவிட்டு வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றார்.

"கண்ணகை, நான் கலாநிதிக்குப் போறன்."

அரைத்த கையோடு அவள் எழும்பினாள்.

"ஆரது கலா?"

"ஐயோ, பட்டம் புள்ள!"

"இந்த வயசில பட்டமோ? காத்தும் இல்ல."

"படிப்புப் பட்டம்! லண்டனில. மூண்டு வரிசம்."

"என்னத்தைப் படிக்கப் போறீங்க?"

"பொம்பிளையளுக்கு வீடு வாசல் சேருற வழமையை."

"அதுக்கேன் லண்டன்?"

"இஞ்ச அது செத்துப்போச்சு, கண்ணகை."

கண்ணகை நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அவளுடைய தாய் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. பிறகு, அந்தக் கூரைக்குக் கீழே நின்ற புருசனைப் பார்த்தாள்.

"மறுகா என்ன, போயிட்டு வாங்க," என்றாள்.

சண்டை இல்லை. கண்ணீர் இல்லை. நியாயமாகப் பார்த்தால் புறக்டருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சந்தோசம் வந்தது.

விண்ணப்பக்காரர்களைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இலங்கைக்கு வந்தார். மண்டூருக்கும் வருவதாகத் தந்தி அடித்தார். சொன்ன நாளில், ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் தோணியையும் பிடித்தபடி வாவியைக் கடந்து வந்திறங்கினார். கண்ணகை நண்டுக்கறி வைத்து, எருமைத் தயிரும் எடுத்து வைத்திருந்தாள்.

துரைக்குத் தமிழ் தெரியாது. மிசன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சநாள் இருந்த கண்ணகைக்கு இங்கிலீசில் இரண்டே இரண்டு சொல் தெரியும். ஒன்று 'மைன்'. மற்றது 'நோ'. மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகப் புறக்டர் இருந்தார்.

நண்டுக்காலைக் கடித்தபடி துரை வீட்டைச் சுற்றிக் கையைக் காட்டி, யாருடையது என்று கேட்டார்.

"மைன்," என்றாள் கண்ணகை.

"பகிடிக்குச் சொல்றா, சேர்," என்று புறக்டர் இங்கிலீசில் மழுப்பினார்.

துரை யன்னலுக்கு வெளியே தெரிந்த வயல் வட்டையைக் காட்டினார்.

"மைன்."

வளவில் கட்டியிருந்த மாடு?

"மைன்."

துரை தான் இருந்த கதிரையைத் தட்டினார்.

"மைன்."

துரை நண்டை மறந்துபோனார். புறக்டரைச் சுட்டி, இவருக்கென்று ஏதும் உண்டோ என்பதுபோல் விரலை ஆட்டினார்.

"நோ."

சொல்லிவிட்டுக் கண்ணகை கொஞ்சம் யோசித்தாள். நீதி நியாயம் தெரிந்தவள். மூலையில் சாத்தியிருந்த குடையைக் கொண்டுவந்து புருசனின் மடியில் வைத்தாள்.

துரை கதிரை விழ எழும்பினார்.

"மிஸ்டர் வினாயகமூர்த்தி! செத்துப்போன வழமை என்று எழுதினீர்களே. அது உயிரோடு நின்று எனக்கு நண்டுக்கறி பரிமாறுகிறது! அந்த இடம் உங்களுக்குத்தான்!"

புறக்டரின் மனம் அந்தக் கணமே கொழும்புத் துறைமுகத்துக்கு ஓடியது.

"கப்பல் எப்ப, சேர்?"

"கப்பலா? லண்டனில் என்ன இருக்கிறது, வெறும் கடதாசி! மூன்று வருசமும் நீங்கள் இந்த ஊரைவிட்டு அசையவே கூடாது. களவேலை, மிஸ்டர், முழுக்க முழுக்கக் களவேலை! இந்த அம்மாவின் சொல்லைக் கேட்டு நடந்தால் போதும்."

"துரை என்னவாம்?" என்று கண்ணகை கேட்டாள்.

புறக்டர் மடியில் கிடந்த குடையைத் திரும்ப மூலையில் சாத்தினார். "இடம் கிடைச்சிட்டுது. லண்டன் இல்லையாம். இஞ்சதானாம். களவேலையாம்."

"ரெண்டு சொல்லே போதுமெண்டு எனக்குத் தெரியும்," என்று கண்ணகை துரைக்கு இன்னும் கொஞ்சம் தயிர் வைத்தாள்.

ஆனாலும் புறக்டர் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆராய்ச்சி செய்கிற மனுசனை ஆர்தான் வேலை ஏவுவார்கள்? அடுத்த நாள் விடிய, கழுத்துப்பட்டி கட்டி, பேனாவுக்கு மை விட்டு, வெற்றுத் தாளுக்கு முன்னால் கம்பீரமாக உட்கார்ந்தார். வாசலில் கண்ணகையின் நிழல் ஆடியது.

"உஸ்! ஆராய்ச்சி நடக்குது," என்றார்.

"ஓம், அதுக்குத்தான் வந்தன். வட்டையில வெட்டிக் குவிச்சுச் சூடு வைச்ச நெல்லு களத்தில மிதிக்காமக் கிடக்கு. எருமையளையும் பிணைச்சாச்சு. துரை சொன்ன களவேலைக்கு எழும்புங்க."

அன்று பொழுதுபடும்வரைக்கும், கழுத்துப்பட்டியோடு ஒரு கலாநிதி மாணவர் சூட்டுக் களத்தில் எருமைகளுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்தார்.