இளவரசுவின் ஞாயிறு மடலும் அரசாங்கப் படகும்

சிதம்பரத்தில் காபி குடிக்கிற ஒவ்வொருவரும் அதைப் பற்றி மின்மடல் எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் ஏதும் கிடையாது. இருந்தாலும் எங்கள் பூந்தோட்டத் தெருவில் நடைமுறை அப்படித்தான் இருந்தது. பல் டாக்டர் வாரம் ஒரு புத்தகத்தைப் பற்றி மடல் போட்டார். கல்யாண மண்டபத்துக்காரர் மகன் மெதுவாக வாழ்வது எப்படி என்று எழுதிவிட்டு, பைக்கில் தெருவே அதிரப் பறந்தான். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பதில்லை. ஆனால் எதிரில் பார்த்தால், மடல் வந்தது என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு மூத்தவர் இளவரசு, இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். அவருடைய 'ஞாயிறு மடல்'தான் தெருவில் முதலில் வந்தது. ஆள் சேர்க்கும் ஆசையில் தன்னிடம் இருந்த மின்னஞ்சல் முகவரிகளையெல்லாம் மடல் போகும் பட்டியலில் அள்ளிப் போட்டார். எப்போதோ ரேஷன் கார்டு விஷயமாக எழுதிய ஒரு குறைகேட்பு அலுவலகத்தின் முகவரியும் அதோடு சேர்ந்து போய்விட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த அந்த அலுவலகத்தில் காகித மனுக்களுக்கு ஒரு பிரிவு, மின்னஞ்சல் மனுக்களுக்கு ஒரு பிரிவு. மின்னஞ்சல் பிரிவு புதிது. வருவது எதுவாயினும் அது மனு என்றே கருதப்பட வேண்டும், ஒரு வாரத்துக்குள் தீர்வு காணப்பட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அதிகாரி ராமாமிர்தம் தீர்வோடு தயாராக உட்கார்ந்திருந்தார். மனுதான் வரவில்லை. நம் ஜனங்களுக்குத் திங்கட்கிழமை வெயிலில் வரிசையில் நின்று கையால் கொடுத்தால்தான் மனு கொடுத்த மாதிரி இருக்கும்.

இப்படிக் காய்ந்து கிடந்த இடத்தில் இளவரசுவின் மடல் போய் விழுந்தது. 'இந்தக் காபியில் ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்றுதான் சொல்லத் தெரியவில்லை' என்று அந்த வாரம் உருகியிருந்தார். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் ஜீப்பில் வந்து, அவர் வீட்டுக் காபியைப் பாட்டிலில் பிடித்துச் சீல் வைத்துக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை பதில் வந்தது: 'தங்கள் மனுவின் மீது விசாரணை மேற்கொள்ளப்பட்டதில், குறைவது சர்க்கரை எனக் கண்டறியப்பட்டுள்ளது.'

அடுத்த வாரம், மனம்விட்டுப் பேச ஆளில்லை என்று எழுதினார். கிராம நிர்வாக அலுவலர் கொளஞ்சியப்பன் மேலிடத்து உத்தரவுப்படி நேரில் வந்து, அரை மணி நேரம் உளுந்து விலையைப் பற்றிப் பேசிவிட்டு, 'பேசப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இளமை எங்கே தொலைந்தது என்று எழுதிய வாரம் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு வந்தார். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். கல்லூரி கேண்டீனில் என்றார் இளவரசு. ஏட்டு பெருமூச்சு விட்டு, தன்னுடையதும் அங்கேதான் தொலைந்தது என்றார்.

இந்தப் பதில்களை இளவரசு மடலில் போடப்போட, சந்தாதாரர்கள் ஈசல் மாதிரி மொய்த்தார்கள். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு வரியையும் ஊன்றிப் படிக்கிற ஒரே வாசகர் அரசாங்கம்தான் என்று சொல்லும்போது அவர் கண் கலங்கும்.

தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் ருக்கையா அக்காவுக்கு மட்டும் இது வேடிக்கையாக இல்லை. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைத் தண்ணீர் முதலில் அவர் கடைக்குள்தான் புகும். போன வருஷம் மூன்று மெஷின்களின் மோட்டார் போயிற்று. இந்த வருஷமும் போனால் கடையை மூட வேண்டியதுதான். காகிதத்தில் அவர் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில்.

"ஏன் தம்பி, உன் காபிக்கு ஜீப்பு அனுப்புறாங்க, எனக்கு ஒரு மண்வெட்டி அனுப்ப மாட்டேங்குறாங்க. நீ எழுதுனாதான் அவுங்களுக்குப் புரியுது. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு" என்றார்.

இளவரசு எழுதினார். பூந்தோட்டத் தெருச் சாக்கடை அடைத்திருக்கிறது, தயவுசெய்து தூர் வாருங்கள் என்று நேராக எழுதினார். அவர் எழுதியதிலேயே விளங்கும்படியான மடல் அது ஒன்றுதான். உடனே திரும்பி வந்தது. இப்பொருள் ஏற்கெனவே காகிதப் பிரிவில் பரிசீலனையில் இருப்பதால், மின்னஞ்சல் பிரிவு அதில் தலையிட இயலாதாம்.

சாக்கடை என்ற சொல்லே வராமல் எழுதினால் என்ன என்று இளவரசுவுக்கு யோசனை வந்தது. அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் கலைஞன் ஒருவன் யோசித்த பிறகு யார் தடுக்க முடியும்? 'மழை வந்தால் எங்கள் தெரு நதியாகிவிடுகிறது. ருக்கையா அக்காவின் கடை அதன் கரை. அக்கரைக்குப் போக மனம் ஏங்குகிறது' என்று எழுதி அனுப்பினார். தெருவே பாராட்டியது.

மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள், லாரியில் ஒரு படகு வந்து இறங்கியது.

இளவரசு பதறிப்போய் ராமாமிர்தத்துக்குப் போன் போட்டார். "சார், நாங்க கேட்டது தண்ணி வடியறதுக்கு" என்றார்.

"அப்படி எங்க எழுதியிருக்கீங்க? நாலு வாட்டி படிச்சேன். ஏங்குறேன்னுதான் எழுதியிருக்கீங்க" என்றார் ராமாமிர்தம். "ஏக்கத்துக்குத்தான் சார் படகு."

படகோட்டியாக நியமிக்கப்பட்ட லூர்துசாமி நல்ல மனிதர். ஏறியவர்களையெல்லாம் தெருக்கோடிவரை இலவசமாகக் கொண்டுபோய் விட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? வடலூரிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பல் டாக்டர் படகில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற படம் போட்டார். கல்யாண மண்டபத்துப் பையன் கடைசியில் உண்மையாகவே மெதுவாகப் போனான். மடல் எழுதாத நானும் ஒன்று ஆரம்பித்தேன். தெரு முழுக்க ஒரே கொண்டாட்டம். அக்கா மட்டும் கடைக்குள் முழங்கால் தண்ணீரில் மெஷின்களைப் பெஞ்சு மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் காகிதப் பிரிவு விழித்துக்கொண்டது. தூர் வார ஜேசிபி வந்துவிட்டது. நம்பத்தான் முடியவில்லை.

லூர்துசாமி சங்கடத்தோடு முன்னால் வந்து, தண்ணீர் வடிந்தால் படகு தரை தட்டும், அரசாங்கச் சொத்துக்குச் சேதம் வந்தால் தன் வேலை போய்விடும் என்றார். ஜேசிபிக்காரர் எங்களைப் பார்த்தார். பொங்கல்வரை படகு இருந்தால் குழந்தைகளுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். இளவரசு போனை எடுத்து மடல் கணக்கைப் பார்த்துக்கொண்டார். படகு வந்த பிறகு அவர் சந்தாதாரர்கள் இரட்டிப்பாகியிருந்தார்கள். பணியைத் தற்காலிகமாக ஒத்திவைக்கக் கோரி நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மின்னஞ்சலில் அனுப்பினோம். படகு மின்னஞ்சல் பிரிவின் சொத்து என்பதால் அன்றைக்கே அனுமதி கிடைத்தது.

அக்கா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மடலில் போட்டிருப்போம். "படகாச்சும் உபயோகப்படட்டும்" என்று மட்டும் சொல்லி, மிஞ்சிய மெஷின்களை அதில் ஏற்றித் தெருக்கோடிவரை கொண்டுபோய், அங்கிருந்து கடலூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். தையல் மெஷின்களோடு படகில் போகிற அந்தக் காட்சியை நாங்கள் எல்லோரும் படம் பிடித்தோம். அன்று மாலை வந்த மடல்கள் அத்தனையும் அழகாக இருந்தன.

மறுவாரம் காகிதப் பிரிவிலிருந்து அக்காவின் பூட்டிய கடைக்குப் பதில் வந்தது: 'தண்ணீர் புகுவதாகக் கூறப்படும் கடை தற்போது அவ்விடத்தில் இயங்காததால், தங்கள் குறை தீர்க்கப்பட்டது.' இளவரசு அதை மடலில் போட, தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரித்து முடித்துக் கீழே பார்த்தால், என் வீட்டுக் கூடத்தில் தண்ணீர். ஒவ்வொரு மழைக்கும் அக்கா தன் செலவில் மண்மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தன் கடையோடு நிறுத்திவந்தார், அடுத்த வீடான எங்கள் வீட்டையும் அதுதான் காப்பாற்றிவந்தது என்று என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உடனே போய் ஒரு மனு கொடுங்கள் என்றாள்.

முதலில் ஒரு மடல் எழுதிவிடுகிறேன் என்று கட்டில் மேல் ஏறி உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, தொடக்கம் அருமையாக அமைந்துவிட்டது.