பாலத்தடிச் சென்றியும் பழைய கிளச்சும்

கார் கத்தியது. ஆனால் நகரவில்லை.

பாமன்கடைப் பாலத்து ஏற்றத்தில் நாகேந்திரம் அக்சிலேற்றரை மிதித்த மிதியில் எஞ்சின் ஊரைக் கூட்டியது. சில்லு மட்டும் எனக்கென்ன என்று கிடந்தது. கண்ணுக்கு முன்னால் இராணுவச் சென்றி. மணல்மூட்டை, தகரக் கூரை, வீதிக்குக் குறுக்கே ஒரு தடி, துவக்கோடு நாலு பேர்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. கொழும்பில் சும்மா நிற்கும் காரைக் கண்டாலே, குண்டு இருக்குமோ என்று சனம் வீதியின் மறுபக்கத்தால் நடந்த காலம். நிற்கிற காருக்குள் வெள்ளவத்தைத் தமிழன் ஒருவனும் இருந்து, காரும் கத்தினால் அதன் பலன் என்னவென்று நாகேந்திரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் புதுக்கடைக் கோர்ட்டடியில் ஓர் அப்புக்காத்துவிடம் கிளாக்கர். சந்தேகத்தில் பிடிபட்ட பிள்ளைகளின் தாய்மார் கந்தோர் வாசலில் அழுவதைத் தினமும் பார்த்துவிட்டு வருகிறவர்.

கார் மனமில்லாமல் ஏறியது. சென்றியில் விசில் ஊதியது. தடி மேலே போயிற்று.

"யன்ன, யன்ன" என்று ஓர் இளம் ஆமிக்காரன் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். பக்கத்தில் நின்றவன் அவன் காதில் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

முன்னால் போன காரின் டிக்கியைத் திறந்து கிண்டியவர்கள்தான். பின்னால் வந்த வானில் எல்லாரையும் இறக்கி நிறுத்தியவர்கள்தான். இவரை மட்டும் தொடவில்லை. இன்று மட்டுமல்ல, ஒரு வருடமாகவே தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாகேந்திரம் மின்விசிறிக்குக் கீழே போய் இருந்தார். சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"இண்டைக்கும் செக் பண்ணேல்ல" என்றார்.

"நல்லதுதானேயப்பா" என்றாள் மனைவி கனகேஸ்வரி.

"நல்லதோ? உமக்கு ஒண்டும் விளங்காது. என்னை அடையாளம் வைச்சிட்டாங்கள். எங்க போறன், ஆரோட கதைக்கிறன் எண்டு பாக்கத்தான் விடுறாங்கள். விட்டுப் பிடிக்கிறது எண்டு கேள்விப்படேல்லையோ?"

"உங்களை விட்டுப் பிடிச்சு அவங்களுக்கு என்ன கிடைக்கும்? குடையும் சாப்பாட்டுப் பெட்டியும்."

உள்ளே மகள் அருந்ததி சிரித்தாள்.

"சிரி பிள்ளை, சிரி. நோவெடுத்து உன்னைக் கொண்டு போகேக்க அந்த ஏத்தத்தில வைச்சு என்னைப் பிடிச்சாங்கள் எண்டால் என்ன செய்வாய்?"

சிரிப்பு நின்றது. அவளுக்கு ஒன்பதாம் மாதம். கணவன் கட்டாரில். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அங்கால். ஓட்டோவில் ஏற்றினால் குலுக்கிற குலுக்கலில் வழியிலேயே பிறந்துவிடும் என்பது கனகேஸ்வரியின் கட்சி. ஆகவே எல்லாம் இந்தக் கிழட்டு மொறிஸ் மைனரின் தலையில்தான் இருந்தது.

மறுநாள் நாகேந்திரம் பாலத்தை விட்டுவிட்டுக் காலி வீதியால் போனார். அங்கே சென்றிக்குச் சென்றி இறக்கினார்கள், கிண்டினார்கள். கந்தோருக்குப் பிந்திப் போய் அப்புக்காத்துவிடம் ஏச்சும் வாங்கினார். ஆனாலும் மனம் லேசாக இருந்தது. எல்லாரையும் போலத் தன்னையும் சந்தேகப்படுகிறார்களே என்று ஒரு நிம்மதி.

அடுத்த நாள் நேரமாகிவிட்டதென்று திரும்பவும் பாலத்தால் போனபோது, சென்றிக்குப் பொறுப்பான மீசைக்காரச் சார்ஜன் யன்னலடியில் குனிந்தார்.

"மாத்தயா, நேற்று இந்தப் பக்கம் காணவில்லையே?"

சிங்களத்தில்தான் கேட்டார். நாகேந்திரத்துக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இருந்தும் விளங்காதவர் போலத் தலையை ஆட்டிவிட்டுக் கியரைப் போட்டார்.

அன்றிரவு அதைக் கேட்ட கனகேஸ்வரி அகப்பையைக் கீழே வைத்தாள். "வராத நாளையும் பாத்து வைச்சிருக்கிறாங்களோ?"

"எல்லாம் இந்தச் சத்தத்தால வந்த வினை. கிளச் வழுக்குது, எஞ்சின் கத்துது. அந்தக் கத்தலாலதான் என்னைத் தெரியுது. சத்தம் நிண்டால் ஆயிரம் காரில நானும் ஒரு கார்."

மாடி வீட்டுப் பொன்னம்பலம் ரயில்வேயில் பென்ஷன் எடுத்தவர். ரயிலுக்கும் காருக்கும் பெரிய வித்தியாசம் பார்க்காதவர்.

"கிளச் பிளேட்டில ஒயில் பட்டிருக்கு, அதுதான் வழுக்குது. பவுடர் போட்டால் ஒயிலை உறிஞ்சிப்போடும். வீட்டில பவுடர் இருக்கோ?"

இருந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு வாங்கி வைத்த பேபி பவுடர். கொஞ்சம் என்று தொடங்கிய பொன்னம்பலம் கியர்பொக்ஸ் பக்கத்து ஓட்டையால் டின் முழுவதையும் தட்டிவிட்டார்.

அடுத்த நாள் காலை பாலத்து ஏற்றத்தில் நாகேந்திரம் மிதிக்க, காருக்கு அடியிலிருந்து குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பிச் சென்றியையே மூடியது. ஆமிக்காரர் எல்லாரும் மணல்மூட்டைக்குப் பின்னால் குப்புற விழுந்தார்கள். துவக்குகளைத் தயார் பண்ணும் சத்தம் கேட்டது. நாகேந்திரம் இரண்டு கையையும் தூக்கிக் கூரையில் இடித்துக்கொண்டு, கண்ணை மூடி நல்லூரானைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கண்ணைத் திறந்தால், வெள்ளை மீசையோடு சார்ஜன் எழுந்து நின்றார். வீதியெல்லாம் குழந்தைப்பிள்ளை வாசம். சார்ஜன் மீசையைத் துடைத்தார். காரைப் பார்த்தார். நாகேந்திரத்தைப் பார்த்தார்.

"யன்ன" என்றார்.

இதற்கும் செக் பண்ணவில்லையென்றால் இனி எதற்குக் காத்திருக்கிறார்கள்? நாகேந்திரம் அன்று கந்தோருக்குப் போகவில்லை. நேரே காரைக் கொண்டுபோய்க் கொட்டாஞ்சேனை மெக்கானிக் கிளெமென்றிடம் விட்டார்.

கிளெமென்ற் முன் சீற்றுகளைக் கழற்றி, தரைத் தகட்டைத் திறந்து, கியர்பொக்ஸை இறக்கினான்.

"பிளேட்டு கடதாசி மாதிரி தேஞ்சிருக்கு அண்ணன். அது சரி, உள்ளுக்குள்ள யாரு பிள்ளை குளிப்பாட்டினது?"

"அதை விடும். எப்ப முடியும்?"

"நாளைக்கே. பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில பிளேட்டு எடுத்தா போட்டுத் தாறது தானே."

எடுத்து வந்த பிளேட் பெரிது. மாற்றி எடுத்தது சின்னது. இதற்கிடையில் கார் ஒழுங்கையோரத்தில் கல்லுக்கு மேல் இருந்தது. சீற் இல்லை, தரையில் ஓட்டை, வயர்கள் வெளியே தொங்கின. கிளெமென்ற் மூன்றாம் தடவை பஞ்சிகாவத்தைக்குப் போன நேரம் யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள்.

நாகேந்திரம் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கையில் ஒரு சனமில்லை. மோப்பநாய் ஒன்று காருக்குள் தலையை விட்டது. விட்ட உடனே தும்மத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை.

"நாய்க்கு என்ன வைத்தாய்?" என்று ஓர் அதிகாரி அவரைப் பிடித்து உலுக்கினார்.

"பேபி பவுடர் சேர்" என்றார் நாகேந்திரம். உண்மையைத்தான் சொன்னார். அதற்காகவே பொழுதுபடும்வரை பொலிசில் இருத்தி வைத்திருந்தார்கள். கிளெமென்ற் சொல்லி மாதா கோயில் சுவாமி வந்து பேசிய பிறகுதான் விட்டார்கள். வீட்டு வாசற்படியைச் சுவரைப் பிடித்துத்தான் ஏறினார். பயம் என்பது இவ்வளவு பாரமான சாமான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஆனால் கார் முடிந்து வந்தது. வெண்ணெய் மாதிரி ஓடியது.

"புதுக் கிளச் அண்ணன், காலை மெதுவா எடுங்க" என்றான் கிளெமென்ற். "பாதி அமத்திக்கிட்டு அக்சிலேற்றரை மிதிச்சா மட்டும் பழைய மாதிரி கத்தும். மத்தப்படி சத்தமே இல்ல."

அடுத்த நாள் விடியவே அருந்ததிக்கு நோவெடுத்தது.

பின் சீற்றில் மகளையும் கனகேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு நாகேந்திரம் பாலத்தடிக்கு வந்தார். கார் மூச்சுக்கூட விடாமல் ஏற்றத்தில் ஏறியது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

தடி மேலே போகவில்லை. ஒரு வருடமாக 'யன்ன' சொன்ன அதே இளம் ஆமிக்காரன் முன்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான்.

"பஹின்ன! இறங்கு! எல்லாரும் இறங்கு!"

"மல்லி, தம்பி, நான்தான்! தினமும் இந்தப் பக்கத்தால போறனான்!"

அவன் நம்பர் தகட்டைப் பார்த்தான். காரைப் பார்த்தான். முகம் வெளிறியது.

"நம்பர் அதுதான்! கார் அது இல்லை!" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினான். எல்லாத் துவக்குகளும் நிமிர்ந்தன.

டிக்கி திறந்தது. பொனற் திறந்தது. ஆஸ்பத்திரிப் பையிலிருந்த சுடுதண்ணிப் போத்தலும் துணிகளும் வீதிக்கு வந்தன. புதிதாக வாங்கிய பவுடர் டின்னை ஒருவன் தூரவைத்து முகர்ந்தான்.

"ஐயோ அம்மா!" என்று அருந்ததி காரில் சாய்ந்தாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளை தாங்கமாட்டாள்! என்னவாவது செய்யுங்கோவன்!"

"காரை ஓரம் கட்டு!" என்றான் துவக்கோடு நின்றவன்.

நாகேந்திரம் ஏறி எஞ்சினைப் போட்டார். இரண்டு காலும் உதறின. இடது கால் கிளச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு நடுங்க, வலது கால் தன்பாட்டில் அக்சிலேற்றரை மிதித்தது. கார் கத்தியது. நகரவில்லை. அதே பழைய கத்தல், பாமன்கடை முழுக்கக் கேட்டது.

சென்றிக்குள்ளிருந்து சார்ஜன் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தார்.

"துவக்கை இறக்குங்கள்! தடியைத் தூக்குங்கள்! அது எங்கள் மாத்தயா!"

இரண்டு பேர் அருந்ததியைத் தாங்கிப் பின் சீற்றில் ஏற்றினார்கள். பவுடர் டின்னும் பைக்குள் போயிற்று. சார்ஜன் யன்னலடியில் குனிந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, மனவருத்தம்தான் இருந்தது.

"ஏற்றம் ஏறமாட்டாத காரில் எவன் மாத்தயா குண்டு கொண்டு வருவான்? வருகிற ஒவ்வொரு காருக்கும் நாங்கள் இங்கே நின்று பயந்து சாகிறோம். பயமில்லாமல் பார்த்த ஒரே கார் இதுதான், அதையும் திருத்திவிட்டீர்களே!"