சதுரப் பட்டன் வைத்த பால்கோவா

அரிசி டிரம்முக்குள்ளிருந்து அரிசியோடு சேர்ந்து ஒரு ஜாய்ஸ்டிக்கும் வந்தபோது மாரிச்செல்வி கத்தவில்லை. அதுதான் அவள் புருஷன் பாண்டிச்செல்வத்துக்குப் பயமாக இருந்தது.

"இது என்னதுங்க?"

"ஜாய்ஸ்டிக்."

"ஜாய் யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்ப ஸ்டிக் யாருக்குன்னு சொல்லட்டுமா?"

பாண்டிச்செல்வம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். அங்கே அவர் சுவிட்சைத் தொட்டால் ஆயிரம் கதிர் சுழலும். வீட்டில் ஃபேன் போடுவதென்றால் கேட்டுத்தான் போடுவார். அவருக்கிருந்த ஒரே பித்து பழைய வீடியோ கேம் கைப்பிடிகள். விளையாட்டுகூட அப்புறம்தான். பழைய இரும்புக் கடையில், மிக்சி ரிப்பேர் கடையில், எவன் வீட்டுப் பரணிலோ கிடப்பதைத் தேடி வாங்கி வருவார். பீரோ நிறைந்தது. தையல் மிஷின் டிராயர் நிறைந்தது. அதற்கப்புறம்தான் அரிசி டிரம்.

"ஏட்டி, இதுக்கெல்லாம் ஒரு சரித்திரம் இருக்கு" என்று ஆரம்பித்தார். "மொதல்ல வந்தது குமிழு. திருகணும். பொறவு குச்சி, ஆட்டணும். பொறவு ஜப்பான்காரன் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் கொண்டாந்தான், அமுக்கணும். அதுக்கும் பொறவு ரெண்டு கட்டைவெரலுக்கும் ரெண்டு குச்சி. உலகமே மாறிப்போச்சு."

"நானுந்தான் உரல ஆட்டினேன். கிரைண்டர திருகினேன். மிக்சிய அமுக்கினேன். எனக்கு எவன் சரித்திரம் எழுதினான்?"

மாரிச்செல்வியிடம் தீர்ப்பு தயாராக இருந்தது.

"இனிமே இந்த மாதிரி ஒண்ணு வாசப்படி தாண்டிச்சு, அதுவும் நீங்களும் சேந்து வெளிய."

இந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் தேவநேசனிடமிருந்து போன் வந்தது. முன்பு வீடியோ கேம் கடை நடத்தியவர், இப்போது மிக்சி ரிப்பேர் பார்க்கிறார். "அண்ணே, சதுரப் பட்டன் வச்ச கைப்பிடி ஜோடி மாட்டியிருக்கு" என்றார்.

பாண்டிச்செல்வம் அப்போதே சட்டையை மாட்டினார். அந்த ஜப்பான் வீடியோ கேம் பெட்டி முதன்முதலில் வந்தபோது பட்டன்கள் சதுரமாக, ரப்பரில் இருந்தன. அமுக்கினால் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால் சீக்கிரமே வட்டமாக்கிவிட்டார்கள். சதுரம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

மில்லுக்கு மோட்டார் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

தேவநேசன் ஜோடியை மேஜைமேல் வைத்தார். சிவப்பும் பொன்னிறமுமாக இருந்தது. பாண்டிச்செல்வம் வீட்டில் இருக்கும் நம்ம ஊர் வீடியோ கேம் பெட்டியில் சொருகுவதற்குத் தோதாக வயர் நுனியில் வேறு பின் பற்றவைத்திருந்தார்.

"பாத்துக்கிடுங்க அண்ணே. ஒண்ணாவது கைப்பிடியிலதான் ஸ்டார்ட் பட்டன். ரெண்டாவதுல அது கெடையாது. அதுக்குப் பதிலா மைக்கு. ஆட்டத்த ஆரம்பிக்க முடியாது, நிறுத்த முடியாது. பேசலாம், அம்புட்டுத்தான்."

"எங்க வீட்டுல ஸ்டார்ட்டும் மைக்கும் ஒரே ஆளுகிட்ட இருக்கு" என்றார் பாண்டிச்செல்வம்.

எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவது? ஊர்ப்பெயரைச் சொன்னாலே எது நினைவுக்கு வருமோ அதில்தான். ஒரு கிலோ பால்கோவா வாங்கினார். டப்பா காலியாக வேண்டுமே! இருவரும் உட்கார்ந்து தின்றார்கள். முதலில் ருசியாகத் தின்றார்கள், பிறகு கடமையாகத் தின்றார்கள், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தின்றார்கள். டப்பாவில் ஜோடியை வைத்து, நூல் சுற்றிக் கட்டினார்கள்.

வீட்டு வாசலிலேயே மாரிச்செல்வி நின்றாள்.

"கையில என்னதுங்க?"

"பால்கோவா."

அவள் முகம் மலர்ந்தது. "எங்க அண்ணனுக்கா?"

அவளுடைய அண்ணன் சங்கிலிப்பாண்டி, பட்டாளத்துக்காரர், லீவு முடிந்து அன்று சாயங்கால ரயிலுக்குக் கிளம்புகிறார் என்பது பாண்டிச்செல்வத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. உள்ளே மச்சான் மீசையைச் சீவிக்கொண்டிருந்தார்.

"ஆ... ஆமா. மச்சானுக்குத்தான்."

"எம்புட்டு அக்கறை பாருங்கண்ணே உங்க மாப்ளைக்கு!" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். செத்த நேரத்தில் மச்சான் டிரங்குப் பெட்டியும் டப்பாவுமாக ஆட்டோவில் ஏறிப் போனார். சதுரப் பட்டன் எல்லைக்குக் கிளம்பிவிட்டது.

"மச்சானுக்குத் தண்ணி பாட்டில் குடுத்துட்டு வாரேன்" என்று பாண்டிச்செல்வம் பைக்கை எடுத்தார். வழியில் இன்னொரு கிலோ பால்கோவா வாங்கினார். ஸ்டேஷனுக்குள் அவர் ஓடவும் ரயில் வரவும் சரியாக இருந்தது.

"மச்சான்! அது புளிச்ச சரக்காம், கடைக்காரன் போன் பண்ணினான். அதக் குடுங்க, இந்தாங்க புதுசு!"

சங்கிலிப்பாண்டி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார். முகத்தில் ஒரு சதை அசையவில்லை. பட்டாளத்துப் பயிற்சி. "சரி மாப்ள" என்று டப்பாவை மாற்றிக்கொண்டார். ரயில் நகர்ந்தது.

பாண்டிச்செல்வம் பெஞ்சில் உட்கார்ந்து நூலை அவிழ்த்தார்.

உள்ளே பால்கோவா இருந்தது. வாசனை பட்டதும் மூடியைப் படாரென்று மூடினார்.

வீடு திரும்பினால், வாசலிலேயே கேட்டது அந்தச் சத்தம். டொய்ங், டொய்ங். ஹாலில் டி.வி.க்கு முன்னால் மாரிச்செல்வி. பக்கத்தில் அடுத்த வீட்டு ஹெப்சிபா அக்கா, சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். ஆளுக்கொரு கைப்பிடி. அக்காவின் விரல்கள் சதுரப் பட்டன்மேல் கீர்த்தனை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏட்டி! அது என்னோடது!"

"எது? நீங்க பால்கோவால்லா வாங்கிட்டு வந்திய?"

பாண்டிச்செல்வம் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். மாரிச்செல்வியே மீதியைச் சொன்னாள்.

"டப்பா ஓரத்துல வயரு தொங்கிச்சு. அண்ணன் தொறந்து பாத்துட்டு, 'பால்கோவாவுக்கு எதுக்கு தாயி வாலு'ன்னு கேட்டாவ. நான் அண்ணனுக்குன்னு காலையிலேயே வாங்கி வச்சிருந்த பால்கோவாவ எடுத்துக் குடுத்தனுப்பினேன். இத 'நீயே வச்சுக்க'ன்னு எங்கிட்ட தந்துட்டாவ."

"சரி, அதான் தெரிஞ்சுபோச்சே. குடுட்டி."

"எப்படிக் குடுக்க? நீங்க எங்க அண்ணனுக்குக் குடுத்திய. அண்ணன் எனக்குத் தந்தாவ. இது பொறந்த வீட்டுச் சீரு."

சீர்ப்பொருளில் புருஷன் எப்படிக் கை வைப்பது? பாண்டிச்செல்வம் கையில் இருந்த ஒரு கிலோவோடு தரையில் உட்கார்ந்தார். இரண்டு ஆட்டம் முடிந்தது. கடைசியில் மெல்லக் கேட்டார்.

"ஒரே ஒரு ஆட்டம்..."

மாரிச்செல்வி டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணன் அடுத்த லீவுக்கு வருவாவ. கேட்டுச் சொல்லுதேன்."