அரை செகண்டுச் சந்தனம்

இந்தத் தடவையும் சண்டை போட்டே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

நியாயத்தைக் கேளுங்கள். நான் அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. விசேஷத்தில் முதல் சந்தனம் எனக்குத்தான் வரவேண்டும். போன வருஷம் என் மச்சான் நெல்லைநாயகம் சந்தனக் கும்பாவை நேரே இளைய மாப்பிள்ளை சுந்தரராஜிடம் நீட்டிவிட்டார். சுந்தரராஜுக்கு ராயகிரியில் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை. எனக்குத் தாலுகா ஆபீசில் ஒரு நாற்காலி. அதற்கும் ஒரு கால் ஆடும்.

இப்போது கடைசி மச்சினிக்கு நிச்சயதாம்பூலம், மாமனார் வீட்டில்.

"முதல் சந்தனம் எனக்கு வரலைன்னா, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாலயே எந்திரிச்சுப் போயிருவேன், பாத்துக்கோ!" என்றேன் மனைவி முத்துமீனாளிடம்.

"போங்க. யாரு வேண்டாம்னா?" அவள் பாட்டுக்கு அரிசி களைந்தாள். "போட்டோ யாரு எடுக்கது? அதைச் சொல்லுங்க."

"ஸ்டூடியோக்காரன் என்ன ஆனான்?"

"பட்டாசல்ல ஒரே இருட்டு, பிளாஷ் கெட்டுப்போச்சு, எவனாலயும் முடியாதுன்னுட்டான். எங்க வீட்டுக்காரரால முடியும்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். உங்க ஆபீஸ் அப்துல் மஜீது அண்ணன் கேமரா தருவாகல்லா?"

எவனாலும் முடியாது, என்னால் முடியும்! பதினோரு வருஷத்தில் அவள் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. பெருமையில் எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. பட்டாசல் என்கிற அந்த நடுக்கூடம் முழுக்க ஜனம். மொத்தம் இரண்டு பல்பு, லோ வோல்டேஜ். எரிகிறதா என்று இன்னொரு விளக்கு கொண்டுவந்துதான் பார்க்கவேண்டும். ஷட்டரை அரை செகண்டாவது திறந்து வைக்கணும், ஆளும் அசையக்கூடாது, கேமராவும் அசையக்கூடாது என்று மஜீது படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஸ்டூல் போட்டு, மேலே நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து, அதில் கேமராவை உட்காரவைத்தேன்.

"ஏங்க, எல்லாரும் படத்துல விழணும்லா? பின்னால போங்க," என்றாள் முத்துமீனாள்.

போனேன்.

"இன்னும் கொஞ்சம்."

அடுக்களைக்குள்ளேயே போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் சாம்பார் கொதித்தது.

"யாரும் அசையப்படாது! சம்பந்தி, மூச்சு விடாதீங்க! சுந்தரராஜ், கண்ணைச் சிமிட்டப்படாது வே! மச்சான், அந்தக் கையை எடுக்காதீங்க, அப்படியே!"

ஆபீசில் பியூன்கூட மதிக்காத என் பேச்சுக்கு அறுபது பேர் மூச்சை அடக்கினார்கள். என்ன சுகம்! எவன் அசைகிறான் என்று பார்த்தேனே தவிர, எவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. பதினொன்று கரி. ஒன்று மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. அதில் என் மச்சான் சந்தனக் கும்பாவை நீட்டுகிறார். சுந்தரராஜ் விரலை முக்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். படத்தில் வேறு எவன் நெற்றியிலும் பொட்டுச் சந்தனம் இல்லை. அதுதான் முதல் சந்தனம்!

படத்தை முத்துமீனாளிடம் நீட்டினேன். "ஏட்டி, பாத்தியா உங்க அண்ணன் பண்ணின காரியத்தை?"

"கையை எடுக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ என்னை அடுக்களைக்குள்ள தள்ளுனது..."

"ஆமா. உங்க சண்டை இல்லாம முடிஞ்ச முதல் விசேஷம் இதுதான். அம்மா கோமதியம்மனுக்கு மாவிளக்கே எடுத்தாச்சு."

"கல்யாணத்துக்கு வாரேன், முன்வரிசையில உக்காருதேன். கேமராவைத் தொட்டா என்னன்னு கேளு!"

"தாராளமா உக்காருங்க." முத்துமீனாள் படத்தை ஜன்னலோரம் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இம்புட்டு இருட்டுல துணிஞ்சு எடுக்க வந்த ஆளு யாருன்னு சம்பந்தி வீட்டுல அன்னைக்கே கேட்டாக. இதைப் பாத்தா அசந்துருவாக. கல்யாண மண்டபம் இதைவிட இருட்டாம். அங்கன எவன் எடுக்கப்போறானோ?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எம்புட்டு இருட்டு?" என்று கேட்டேன்.