கட்டிலேறிய செடிகள்

அக்காவுக்கென்று ஒழித்துவைத்த கட்டிலின் மேல் புதிதாக இரண்டு தொட்டிகள் ஏறியிருந்தன. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தார். இரண்டுதான்.

"உங்கம்மாகிட்ட கேளு, இது கட்டிலா, நர்சரியா?"

கல்லூரிப் பாடத்திலிருந்து மகள் தலையைத் தூக்கவில்லை. "அம்மா, அப்பா கேக்கறார்."

"அங்கதான் வெளிச்சம் வருதுன்னு சொல்லு," என்றது சமையலறை.

"அப்பா, வெளிச்சமாம்."

தனியாக வாழும் அவருடைய அக்காவுக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு. மருத்துவமனையிலேயே, "நடக்கப் பழகற வரைக்கும் நம்ம வீடுதான்க்கா," என்று வாக்குக் கொடுத்திருந்தார் தம்பி. அந்த முடிவை மனைவியிடம் கலந்து பேசாமல், செய்தி வாசிப்பதுபோல் அறிவித்ததுதான் வினை. அன்றிலிருந்து தம்பதியரின் உரையாடல் மகள் வழியாகவே நடந்துவந்தது. அக்காவின் அறையில் ஸ்பைடர் செடிகள் பெருகத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான். இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதற்கு அவருக்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. வரக்கூடாது என்று வாயால் சொன்னால் பழி வரும். செடியால் சொன்னால் ரசனை என்று பெயர் வரும்.

ஜன்னலில் தொங்கிய தாய்ச்செடி, வெள்ளைக் கோடு ஓடிய இலைகளுக்கு நடுவிலிருந்து நீண்ட தண்டுகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நுனியிலும் ஒரு குட்டியை ஊஞ்சலாட்டிக்கொண்டிருந்தது. முதல் நடவடிக்கையாக, கடையிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்து தண்டுகளை ஒன்று விடாமல் நறுக்கினார்.

"ஐயோ அப்பா! வெட்டிவிட்டா அது பிரசவம் பார்த்த மாதிரி!"

மகள் சொன்னது மாலையில்தான் விளங்கிற்று. வீட்டின் டம்ளர்கள் அனைத்திலும் குட்டிகள் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தன. அவர் தேநீரைக் கிண்ணத்தில் வாங்கி உறிஞ்ச வேண்டியதாயிற்று.

அடுத்து, தாய்ச்செடியைக் குளியலறைப் பரணில் ஒளித்துத் தாகத்தில் போட்டார். ஒரு வாரம் கழித்து ஏறிப் பார்த்தபோது அது வாடவில்லை. கிழங்குபோல் தடித்த வேர்களில் தண்ணீரைச் சேர்த்துவைத்திருந்தது. அவ்வேர்கள் நெருக்கியதில் தொட்டிதான் விரிசல் விட்டிருந்தது.

"அம்மா தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்கப்பா. இடம் பத்தாம இருந்துச்சாம். பிரிச்சு மூணு தொட்டியா வச்சுட்டாங்க."

இனி நாடு கடத்துவது ஒன்றே வழி. மறுநாள் முதல் அவர் விடியற்காலை நடைப்பயிற்சியை மேற்கொண்டார். துணிப்பையில் காகிதக் குவளைகள், குவளைக்கொரு குட்டி. அடுக்குமாடிக் குடியிருப்பின் படிகளில் பூனைபோல் ஏறி, உறங்கும் வீடுகளின் வாசலில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, அப்படியே கடைக்குப் போய்விடுவார்.

மாலையில் திரும்பினால் அறையில் செடிகள் குறைந்திருக்காது. கூடியிருக்கும். அதிலும் கொடுமை, டம்ளர்கள் இருந்த இடத்தில் அகன்ற மண்தொட்டிகள் முளைத்திருக்கும். குட்டிகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்ததால், எது பழையது, எது புதியது என்று கண்களைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட அவராலும் பிரித்தறிய இயலவில்லை. பை இரண்டாயிற்று, பயிற்சி மொட்டைமாடி வரை நீண்டது. மேசை நிறைந்தது, நாற்காலி நிறைந்தது, கட்டிலும் நிறைந்தது.

"உங்கம்மாவுக்கு வேற வேலையே இல்லையான்னு கேளு!"

"அம்மா, வேற வேலை இருக்கான்னு கேக்கறார்."

"எங்க இருக்கு? இதுக்கே நேரம் சரியா இருக்கு."

ஞாயிறு வந்தது. அக்காவை ஏற்றிய வண்டி கிளம்பிவிட்டதாகத் தொலைபேசி வந்தபோதும் கட்டிலில் தலையணை வைக்க இடமில்லை. உள்ளே கைநிறைய ஈர மண்ணோடு மனைவி இன்னொரு தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். கடைக்காரரின் பொறுமை அறுந்தது.

"நேராவே சொல்லிடு! எங்க அக்கா இந்த வீட்ல கால் வைக்கக்கூடாது, அதானே?"

"உங்கப்பாகிட்ட சொல்லும்மா..."

"நடுவுல அவ எதுக்கு?"

"நீங்கதான் அவளை நடுவுல நிறுத்துனீங்க!" மனைவி கையை உதறிக்கொண்டு எழுந்தார். "உங்களோட எனக்குப் பேச்சு கிடையாது. அக்கா வரட்டும். சொல்ல வேண்டியதை அவங்ககிட்டயே சொல்லிக்கறேன்."

கடைக்காரர் வாசலுக்கு விரைந்தார். உடைந்த காலோடு வருகிறவள் வாசலிலேயே அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகவேண்டும்! கீழே ஓடித் தடுத்து வேறு எங்காவது கூட்டிச் செல்லலாமா என்று அவர் செருப்பைத் தேடுவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

மகள் கதவைத் திறந்தாள். சக்கர நாற்காலியில் அக்கா. மாவுக்கட்டுப் போட்ட கால் முன்னால் நீண்டிருந்தது. மடியில் ஒரு காகிதக் குவளை. அதில் வெள்ளைக் கோடு ஓடிய ஒரு குட்டி.

"இது ஏதுக்கா?" அவர் குவளையைக் காட்டிக் கேட்டார்.

அக்கா தம்பியைக் கவனிக்கவேயில்லை. பின்னால் மண் அப்பிய கையோடு நின்றவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"கீழ்வீட்டுக்காரர் மடியில வச்சுட்டாரும்மா! எவனோ ஈரமில்லாத பய விடியக்காலைல வாசலுக்கு வாசல் செடியைப் போட்டுட்டு ஓடறானாம். எல்லாரும் உன் வாசல்லதான் கொண்டுவந்து வைக்கறாங்களாம், நீ ஒருத்திதான் ஒண்ணைக்கூட வேணாம்னு சொல்லாம உள்ள எடுத்துக்கறியாம். 'அந்தம்மா வீட்டுக்கா போறீங்க, அப்புறம் உங்களுக்கென்ன கவலை'ன்னு சொல்லித்தான் என்னையும் லிஃப்ட்ல ஏத்திவிட்டாரு!"