கயிறிழுக்கப் போன குணவதி

விளையாட்டு மனிதனின் குணத்தை வளர்க்கும் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் பத்தொன்பது வயது வரை அந்த நம்பிக்கை அசையாமல் இருந்தது. பள்ளி வலைப்பந்துக் குழுவில் நான் நிரந்தர உபரி ஆட்டக்காரி. ஆடுகிறவர்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. (நன்றாக உரிப்பேன்.)

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு. புதிய நாட்டுக்குப் புதிய ஆசிரியர்கள் வேண்டும் என்று எங்கும் பேச்சு. நான் உடற்பயிற்சி ஆசிரியை ஆவது என்று முடிவு செய்தேன். ஊர் விட்டுப் போய்ப் படிக்க அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா ஒரு ரப்பர் வியாபாரியிடம் கணக்கர். வெயிலில் நடப்பதையே தேவையற்ற ஆடம்பரமாகக் கருதியவர்.

"விளையாட்டு பொறுமையைக் கொடுக்கும்ப்பா. ஒற்றுமை, அடக்கம், கட்டொழுங்கு எல்லாம் வரும்" என்றேன்.

"நம்ம காஜா பெராங்ல பந்து விளையாடற பையன்களப் பாத்திருக்கியா? தோத்தா ரெப்ரிய அடிக்கிறான். ஜெயிச்சா கள்ளுக் கடைக்குப் போறான். இதுல எங்க இருக்கு அடக்கம்?"

"அது ஆம்பளைங்க."

அப்பா யோசித்தார். சுதந்திர தினத்தையொட்டிக் கடலோரத் திடலில் விளையாட்டுப் போட்டிகள் நடக்கவிருந்தன. பெண்களுக்குக் கயிறிழுப்பு உண்டு.

"சரி, நீ போய் இழு. நான் வந்து பாக்கறேன். வீட்டுல இல்லாத ஒரு நல்ல குணம் அங்க உனக்கு வந்துச்சுன்னா படிக்கப் போ. வரலைன்னா தை மாசம் கல்யாணம். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது."

அன்றே ஆள் சேர்க்கக் கிளம்பினேன். தமிழ்ப் பெண்களை அவர்களுடைய அம்மாக்கள் விடவில்லை. பேசிப் பேசி மூன்று பேரைத்தான் பிடிக்க முடிந்தது. பிறகு எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருந்த நாகம்மாவிடம் போனேன். அவள் மலாக்கா செட்டி வீட்டுப் பெண். பெயரும் சாமியும் நம்முடையவை, வீட்டில் பேச்சு மலாய். தமிழில் சாமி பெயர்கள், சாப்பாட்டுப் பெயர்கள், சின்னப் பிள்ளைகளை அதட்டுகிற நாலைந்து சொற்கள் தெரியும். மாவிடித்து உரமேறிய கைகள் அவளுக்கு. அவள் தன் அக்காமார்களையும் ஒன்றுவிட்ட சகோதரிகளையும் அழைத்து வந்தாள். குழு நிறைந்துவிட்டது.

தெங்கேராவில் ஒரு படகுக்காரரிடம் கேட்டுப் பழைய கயிறு வாங்கிவந்து ரம்புத்தான் மரத்தில் கட்டிப் பயிற்சி செய்தோம். இரண்டு நாளில் எங்கள் எல்லோர் மீதும் மீன் கவிச்சி. அம்மா என்னைப் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் விட்டார். நான் தலைவி என்பதால் கட்டளை என்னுடையது. எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று மலாயில் "தாரேக்", அதாவது "இழு" என்று கத்துவேன். அந்த ஒரே சொல்லில் மரம் ஆடும். ரம்புத்தான் பிஞ்சுகள் உதிரும்.

போட்டி நாளன்று அப்பா முதல் வரிசையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா. எங்களுக்கு எதிரணி தாதிமார்கள். நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கித் திருப்பிப் போடுகிறவர்கள். அவர்களில் ஒருத்தியின் முன்கையைப் பார்த்ததும் எங்கள் தமிழ்ப் பெண்களில் இருவருக்கு ஒரே நேரத்தில் வயிறு வலித்தது. "வலிக்கட்டும், கயித்தப் பிடி" என்றேன். (பொறுமை என்று அப்பாவிடம் சொன்ன குணம் அத்தோடு போயிற்று.)

பலசாலியை வரிசையின் கடைசியில் நிறுத்த வேண்டும், தலைவி வரிசைக்கு வெளியே நின்று கட்டளை கொடுக்கலாம் என்று நாகம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை. முன்னால் நின்றால்தானே அப்பா கண்ணில் படுவேன். எல்லோருக்கும் முன்னே போய் நின்றுகொண்டேன். காலில் அண்ணனின் கான்வாஸ் சப்பாத்து, உள்ளே நாளிதழ் அடைத்தது.

முதல் இழுப்பில் வென்றோம். எப்படி என்று இன்றுவரை தெரியாது. அடுத்ததில் தோற்றோம், அது எப்படி என்று நன்றாகத் தெரியும். மூன்றாவதுதான் முடிவு.

விசில் ஊதியதும் "தாரேக்" என்று கத்தினேன். கயிறு இறுகியது. இரண்டு பக்கமும் நகரவில்லை. உள்ளங்கை எரிந்தது. சேலைக் கொசுவம் ஒவ்வொரு மடிப்பாக விடைபெற ஆரம்பித்தது. நல்ல வேளை, உள்ளே அண்ணனின் காற்சட்டையையும் போட்டிருந்தேன். பிறகு எங்கள் அணி கொஞ்சம் கொஞ்சமாக முன்னோக்கிச் சறுக்கியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குள் வீரம் பொங்கியது. வீரம் எனக்குத் தமிழில்தான் வரும். வயிற்றிலிருந்து முழுக்குரலில் கத்தினேன்:

"விடாதே! விடாதே!"

செட்டிப் பெண்களுக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் ஒன்று "விடு". பூனை வாலைப் பிடித்திருக்கும் பிள்ளையிடம் சொல்வது. அந்தச் சத்தத்தில் அவர்கள் காதில் விழுந்தது அந்தப் பாதிச் சொல்தான். தலைவி சொன்னதும் ஒரே நேரத்தில், அத்தனை பேரும், மிக ஒழுங்காகக் கயிற்றை விட்டுவிட்டார்கள். அவ்வளவு கட்டொழுங்கை நான் அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் பார்த்ததில்லை. தமிழ்ப் பெண்கள் மூவரும் சறுக்கி உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் விடவில்லை.

தாதிமார்கள் பின்னோக்கி ஓட ஆரம்பித்தார்கள். விசில் வரும்வரை இழுக்க வேண்டும் என்பது விதி. விசில் வரவில்லை, ஏனென்றால் நடுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் புல்லில் குப்புறப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சப்பாத்து கழன்றது. புல்லும் மண்ணும் வாயில் போயின. அப்போதும் தோன்றியது ஒன்றுதான்: நான் விடாதவரை நாங்கள் தோற்கவில்லை.

தாதிமார்களுக்குப் பின்னால் விருந்தினர் பந்தலும் அதில் ஒரு பலகார மேசையும் இருந்தன. தாதிமார்கள் மேசையின் இரண்டு பக்கமாகவும் பிரிந்து ஒதுங்கினார்கள். நான் ஒதுங்கவில்லை. மேசை, கறிபாப் தட்டுகள், ஒரு பெரிய பானை நிறைய ரோஜா நிறச் சிரப் தண்ணீர், எல்லாம் என் மேல் இறங்கின.

தலை முதல் கால் வரை சிவப்பாகக் கிடந்த என்னைப் பார்த்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினார். அப்பா ஓடி வந்தார். என் வாழ்நாளில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். விரித்த குடையோடு ஓடி வந்து, ஊரே கேட்கும்படி, "கயித்த விடுடி, மொதல்ல அந்தக் கயித்த விடு" என்றார்.

"விசில் வரலப்பா" என்றேன்.

அம்மா என் கன்னத்தைத் துடைத்துவிட்டு விரலை நக்கிப் பார்த்தார். இனித்தது. அழுகை நின்றது, திட்டு ஆரம்பித்தது.

நான் எழுந்ததும் நேராக நாகம்மாவிடம் போய், ஏன் விட்டீர்கள் என்று சண்டை பிடித்தேன். (ஒற்றுமையும் போயிற்று.) அவள் என் தலைமுடியிலிருந்து ஒரு கறிபாப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு அமைதியாக, "சூரோ லெப்பாஸ், லெப்பாஸ் லா" என்றாள். விடச் சொன்னாய், விட்டோம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். வீட்டில் குளித்து முடித்து, உள்ளங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டு அப்பா எதிரில் நின்றேன். அழக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன்.

"பொறுமை வரல. அடக்கம் வரல. கூட இருந்தவங்களோட சண்ட வேற" என்றார் அப்பா.

"ஆனா கடைசி வரைக்கும் விடலப்பா."

"அது விளையாட்டுல வந்த குணமா? பொறந்தப்பவே இருந்துச்சு. உங்கம்மா வீட்டு வழி." அடுக்களையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது. அப்பா குரலைத் தாழ்த்தினார். "வாயில மண்ணு, மேல மேசை, அப்பயும் விசில் வரலன்னு சொல்ற. நான் வேணாம்னு சொன்னா மட்டும் விட்டுடவா போற? போ. போய்ப் படிச்சிட்டு வா."

அப்படித்தான் நான் உடற்பயிற்சி ஆசிரியை ஆனேன். ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்குக் கயிறிழுப்பு சொல்லிக்கொடுத்தேன். விளையாட்டு குணத்தை வளர்க்கும் என்று மட்டும் வகுப்பில் சொன்னதில்லை. உள்ளே இருப்பதை நாலு பேர் முன்னால் இழுத்துப் போடும், அவ்வளவுதான். அதன் பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவரவர் பாடு.

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் "பிடிவாதம் பிடிக்காதே" என்று சொல்வதில்லை. "கயித்த விடு" என்பார்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்தபோது அப்பா அவர் காதில், "விசில் ஊதற வரைக்கும் விடமாட்டா, பாத்துக்குங்க" என்றாராம். போன வாரம், இந்த வயதில் இனி நான் கார் ஓட்டக்கூடாது என்று என் மகன் சாவியைப் பிடுங்க வந்தான். வளையத்தின் ஒரு பக்கம் அவன் கை, மறுபக்கம் என் கை. "அம்மா, கயித்த விடும்மா" என்றான்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது.